கன்னிமூலையில் கடல்

மடியில சுருட்டி வச்சிருக்கது வீட்டு பிளான்தானே? நெனச்சேன். பச்சைப்பிள்ளையைத் தூக்கிட்டு வாற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாறேளே, அதை வச்சே சொல்லிரலாம். பயப்படாதீங்கோ, பிரிச்சுக் காட்டச் சொல்ல மாட்டேன். பஸ்ல வச்சுத் தொழில் பாக்கதில்ல நான். பேரு பூதலிங்கம். நாகர்கோவில் வடசேரியில வாஸ்து பூதலிங்கம்னு கேட்டா யாரும் வழி சொல்லுவா. முந்தி இருபத்திரெண்டு வருசம் டைல்ஸ் கடையில நின்னேன். வாறவனுக்கெல்லாம் எந்த மூலையில என்ன பதிக்கணும்னு சொல்லிச் சொல்லி, பொறவு அதுவே தொழிலாப் போச்சு.

முட்டத்துக் கடல் பங்களா விசயம் உங்க காதுக்கு வந்திருக்குமே? வரல்லையா? அப்பம் ரொம்ப நல்லது. ஊர்ல அதை வேற மாதிரி சொல்லிட்டுத் திரியுதானுவ. ‘பூதலிங்கத்துக்கே அவன் பொண்டாட்டி வாஸ்து பாத்துட்டா’ன்னு ஒரு பேச்சு. டீக்கடையில நான் போய் உக்காந்தா ரெண்டு பேரு சிரிக்கான். நடந்தது என்னன்னு நானே சொல்லுதேன், கேளுங்கோ. வள்ளியூர் வாறதுக்குள்ள முடிச்சிருவேன்.

போன பங்குனியில கிளாட்ஸ்டன்னு ஒருத்தரு போன் பண்ணுனாரு. மார்த்தாண்டத்துக்காரரு, துபாயில சாரம் கட்டுத கம்பெனி வச்சிருக்காரு. “அண்ணாச்சி, கடலோரத்துல ஒரு பழைய பங்களா விலைக்கு வருது. எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஷைனிக்கு வாஸ்து பாக்காம முடியாது”ன்னாரு. ஷைனி அவருக்க சம்சாரம். வேதக்காரங்க, அதான் கிறிஸ்தவங்க, வாஸ்து பாப்பாங்களான்னு கேக்கேளா? இப்பம் அவங்கதான் நம்மளை விடக் கூடுதல்.

சாதாரண வீடுன்னா அரை மணி நேரத்துல பாத்திருவேன். இது பேரு கேட்ட வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தெட்டுல கட்டுனது. தேவநேசம்னு ஒரு டாக்டரு, கோட்டயத்துல இருந்து குரியன் மாத்தன்னு ஒரு ஆர்க்கிடெக்டைக் கூட்டிட்டு வந்து கட்டியிருக்காரு. லண்டன்ல படிச்ச ஆளாம். இப்பமும் திருவனந்தபுரத்துல இருந்து காலேஜ் பிள்ளைங்க பஸ் பிடிச்சு வந்து, கூரையையும் தூணையும் படம் பிடிச்சுட்டுப் போவுது. அதனால மூணு நாள் தங்கிப் பாக்கணும்னு சொன்னேன். சூரியன் எங்கன ஏறுது, எங்கன இறங்குதுன்னு கவனிக்கணும் பாத்துக்கிடுங்கோ.

எங்க வீட்டுக்காரி கோலம்மாளையும் கூட்டிட்டுப் போனேன். ஆசைக்கு இல்ல. அவளைத் தனியா விட முடியாது. எட்டு வருசமா இளைப்பு. திடீர்னு மூச்சு முட்டும், வாயில பம்பு அடிக்கணும். ஆறு வருசமா அவ படுத்து உறங்குனதே கிடையாது. சுவருல சாஞ்சு உக்காந்தபடிதான் உறக்கம். பாக்காத டாக்டர் இல்ல. நானும் என் சாஸ்திரப்படி செய்யவேண்டியதை ஒண்ணுவிடாமச் செஞ்சேன். மொத மொத இளைப்பு வந்தப்பம் தெக்குச் சன்னல் ஒண்ணை செங்கல் வச்சு அடைச்சேன். தெக்குத் திறப்பு ஆவாது, வீட்டுப் பொம்பளைக்குக் கேடு. கொறையல்ல. மேக்குல ஒண்ணை அடைச்சேன். கூடிச்சு. இன்னொண்ணு அடைச்சேன். இப்படி அவளுக்கு எப்பம் முட்டுதோ அப்பமெல்லாம் நான் விடாம ஒரு கொத்தனைக் கூட்டிட்டு வந்து வேலை பாத்தேன். பதினோரு சன்னல்ல ஏழு அடைச்சாச்சு. வேற எந்தப் புருசன் பொண்டாட்டிக்கு இவ்வளவு செய்வான், சொல்லுங்கோ?

சரி, பங்களாவுக்கு வாறேன்.

பாறை முனையில தனியா நிக்குது. உள்ள கால் வச்சதும் எனக்குத் தலை சுத்திப் போச்சு. வாசல் இருக்கக் கூடாத இடத்துல வாசல். அடுப்பு இருக்கக் கூடாத ஈசானியத்துல அடுப்பு. நட்ட நடுவுல, வெறும் இடமாக் கெடக்கவேண்டிய பிரம்மஸ்தானத்துல, மாடிப்படி சுத்திச் சுத்திப் போவுது. இதெல்லாம் போட்டும். கன்னிமூலைன்னு சொல்லுவோம்லா, தென்மேற்கு, அது வீட்டுக்கு முதுகெலும்பு மாதிரி. உயரமா இருக்கணும், கனமா இருக்கணும், அடைச்சு இருக்கணும். அங்கன என்ன இருக்குதுன்னு நெனைக்கேள்? சுவரே இல்ல. மேல இருந்து கீழ வரைக்கும் சரிச்சு வச்ச மரப்பலகை, கையால திருப்புனா தொறக்கும். அதுக்கு அந்தாண்ட கடல். ஒரு கெணறு இருந்தா மண்ணு போட்டு மூடச் சொல்லலாம். கொளம்னாலும் ஒரு வழி பாக்கலாம். அரபிக்கடலை என்ன செய்ய?

நான் அப்பிடியே வாய் பொளந்து நிக்கேன். பின்னால ஒரு சிரிப்புச் சத்தம். டாக்டருக்க மக, மேபல்பாய் டீச்சர். அறுபத்தெட்டு வயசு. கல்யாணம் கட்டல்ல. பள்ளிக்கூடத்துல பூகோளம் சொல்லிக் குடுத்தவங்க.

“நீங்க எத்தனாவது வாஸ்து சார் தெரியுமா?”ன்னு கேட்டாவ.

“எனக்கு எப்பிடித் தெரியும்?”

“அஞ்சாவது. நாலு பேரும் இதே இடத்துல நின்னு, இதே மாதிரி கடலைப் பாத்து, தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. நாலு கிராக்கியும் போச்சு. நீங்களாவது பெட்டியோட வந்திருக்கீங்க. உள்ள வாங்க, கட்டன்சாயா போடுறேன்.”

“இப்படி ஒரு வீட்டை எதுக்கு விக்கேள்?”ன்னு கோலம்மா கேட்டா. பாதையில இறங்கி வந்த களைப்பு, அதைக் கேட்டு முடிக்கதுக்குள்ள மூணு தடவை நிறுத்தி மூச்சு வாங்குனா.

“அம்மா, பொறந்ததுல இருந்து கடலைப் பாத்தாச்சு. அதுக்கு ஒரே வேலைதான் தெரியும். எனக்கு இனி மனுசங்களைப் பாக்கணும். கோட்டாறு சந்தைப்பக்கம் ஒரு மாடி வீடு பேசி வச்சிருக்கேன். கீழ ஆட்டோ ஸ்டாண்டு. காலையில இருந்து சண்டை கேட்டுக்கிட்டே இருக்கும். இதை வித்தாத்தான் அங்க போவ முடியும். எந்தம்பியும் அவன் பங்குக்குக் காத்திருக்கான்.”

சொல்லிட்டு என்னையப் பாத்தாவ. நான் பிடி குடுக்கல்ல. “சாஸ்திரம் என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதுவேன் டீச்சர்”ன்னு சொல்லிட்டேன். ஆனா மனசு கேக்கல்ல. பாவம், தனியா இருக்க பொம்பளை. பையில இருந்து ஒரு செம்புத் தகடு எடுத்து மந்திரம் சொல்லி, படியிறங்கிப் போய், கன்னிமூலைக்கு நேர் கீழ அலை ஓரத்துப் பாறை இடுக்குல பதிச்சு வச்சேன். அதை மட்டும் நீங்க ஞாபகம் வச்சுக்கிடணும்.

சாப்பிட்டு முடிச்சு ரெண்டு மணி இருக்கும். நான் வெளிய டேப்பு பிடிச்சு அளந்துட்டு உள்ள வாறேன். கூடத்துல, அந்த மரப்பலகைக்குப் பக்கத்துல, செவப்புத் தரையில கோலம்மா கெடக்கா. மல்லாந்து கெடக்கா, அசைவு இல்ல. எனக்கு உயிரே போச்சு. ஆறு வருசமா நான் காணாத கோலம்லா அது? “கோலம்மா! எட்டி, கோலம்மா!”ன்னு நான் போட்ட கூப்பாட்டுல, டீச்சர் அடுக்களையில இருந்து கரண்டியோட ஓடி வந்தாவ. குனிஞ்சு பாத்தாவ. அவ கையைப் பிடிச்சுப் பாத்தாவ.

“சார், சத்தம் போடாதீங்க. இதுக்குப் பேரு உறக்கம்.”

“படுத்திருக்காளே!”

“உறங்குறவங்க படுத்துத்தான் உறங்குவாங்க.”

நான் நம்பல்ல. பக்கத்துலயே உக்காந்திருந்தேன். காத்து அந்தப் பலகை வழியா வந்து அவ முந்தானையைத் தூக்குது, போடுது. ஆறு மணிக்கு எந்திரிச்சா. எந்திரிச்சு, “சோறு இருக்கா?”ன்னு கேட்டா. அவளாச் சோறு கேட்டு எத்தனை காலமாச்சு தெரியுமா? டீச்சர் பழையதும் மாங்காத் தொவையலும் எடுத்து வச்சாவ. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு. சரி, அதை விடுங்கோ.

தகடு வேலை செய்யுதுன்னு எனக்கு அப்பமே பட்டுது. போய்ப் பாத்தேன். தகட்டைக் காணும். அலை அடிச்சு எடுத்துட்டுப் போயிருக்கு. கடல் ஏத்துக்கிட்டுதுன்னு அர்த்தம்.

மறுநாள் டீச்சர் அந்த வீடு கட்டுன கதையைச் சொன்னாவ. டாக்டருக்க சம்சாரத்துக்கு, அதாவது டீச்சருக்க அம்மைக்கும் இளைப்பாம். கைக்குழந்தையைத் தூக்கிட்டு நாலு எட்டு நடக்க முடியாதாம். அந்த ஆர்க்கிடெக்டு வந்து ஒரு வருசம் ஒண்ணுமே வரையல்லையாம். பாறையில ஒரு ஓலைக் குடிசை போட்டு இருந்துக்கிட்டு, அங்கங்க கம்பு நட்டு, கம்புல துணி கட்டி, எந்த மாசம் எந்த நேரம் காத்து எங்க இருந்து வருதுன்னு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்திருக்காரு. ஊர்க்காரங்க கிறுக்கன்னு நெனச்சாங்களாம். அப்புறந்தான் பென்சிலைத் தொட்டாராம்.

“இந்த மாடிப்படி நடுவுல எதுக்கு இருக்குன்னு கேட்டீங்களே சார்? கீழ சூடாகிற காத்து அது வழியா மேல ஏறிப் போயிரும். கடல்காத்து உள்ள வரும். அம்மா இந்த வீட்டுல தொண்ணூத்தொண்ணு வயசு வரைக்கும் இருந்தாங்க.”

“அது அவங்க ஜாதகம்”னேன் நான்.

கோலம்மா படியில உக்காந்து, மேல போற காத்துக்குக் கையைக் காட்டிக்கிட்டு இருந்தா. அன்னைக்கே டீச்சரோட கீழ கடற்கரைக்கும் இறங்கிட்டா. அம்பத்து நாலு படி. நான் எண்ணியிருக்கேன். மேல நின்னு, “ஏறி வர முடியாது, வேண்டாம்”னு கத்துதேன். அவ காதுல வாங்கல்ல. ஏறியும் வந்துட்டா. ரெண்டு இடத்துல நின்னா, அவ்வளவுதான். நான் அந்த மாசம் சனிப்பெயர்ச்சி இருந்ததைப் பஞ்சாங்கத்துல பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் நான் ரிப்போர்ட்டு எழுதிட்டு இருக்கேன். கோலம்மா பக்கத்துல வந்து உக்காந்தா.

“என்ன எழுதுதியோ?”

“குத்தம் ஒம்பது இருக்கு.”

“வாசிங்கோ.”

வாசிச்சேன். ஒம்பதாவது, ‘கன்னிமூலை திறப்பினால் இல்லத்தரசிக்குச் சுவாச நோய் உண்டாகும்’. அவ காயிதத்தை வாங்கி அந்த வரியைத் திரும்ப வாசிச்சா.

“நம்ம வீட்டுல கன்னிமூலை எப்பிடி இருக்கு?”

“கல்லு மாதிரி அடைச்சிருக்கேன்லா! என்ன கேள்வி இது?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்”னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பொம்பளையளுக்கு சாஸ்திரம் சொன்னாப் புரியாதுன்னு நானும் விட்டுட்டேன்.

மூணாம் நாளு கிளாட்ஸ்டனும் ஷைனியும் காருல வந்தாவ. ஷைனி நல்ல பொண்ணு, ஆனா ரொம்பப் பயந்த சுபாவம். உள்ள வரும்போதே எந்தக் காலை வைக்கணும்னு என்னையப் பாத்தா. டீச்சர் எல்லாருக்கும் நாற்காலி போட்டாவ. அவங்க முகத்துல சிரிப்பு இருந்துது. ஆனா கை சேலைத் தும்பைப் பிடிச்சு முறுக்கிக்கிட்டே இருந்துது. அஞ்சாவது கிராக்கிலா? இதுவும் போனா அந்தக் கோட்டாறு வீட்டைக் கைவிட வேண்டியதுதான்னு மொதநாளே கோலம்மாகிட்ட சொல்லியிருக்காவ.

நான் எந்திரிச்சு நின்னு வாசிச்சேன். தொழில்னு வந்தா முகம் பாக்கக் கூடாது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போவப் போவ ஷைனி கிளாட்ஸ்டனுக்க கையைப் பிடிச்சுக்கிட்டா. ஒம்பதாவதை வாசிச்சேன். “இல்லத்தரசிக்குச் சுவாச நோய்.” ஷைனி டக்குன்னு எந்திரிச்சுட்டா. “வேண்டாம். நமக்கு வேண்டாம், போவோம்”னா.

அந்த நேரம் பாத்து கோலம்மா கடற்கரையில இருந்து ஏறி வாறா. அம்பத்து நாலு படியும் ஏறி, ஒரு வாளி நெறைய சிப்பி பொறக்கிக்கிட்டு வாறா. சைவ வெள்ளாளப் பொம்பளைக்குச் சிப்பி எதுக்கு? வேடிக்கைக்குப் பொறக்குனாளாம். வந்தவ வாளியைக் கீழ வச்சுட்டு, “எதுக்கு எந்திரிச்சுட்டே மக்களே?”ன்னு ஷைனிகிட்ட கேட்டா.

“சார் சொன்னாரு… இந்த வீட்டுல இருந்தா மூச்சு நோய் வரும்னு.”

கோலம்மா என்னையப் பாத்தா. முப்பத்தோரு வருசத்துல அவ என்னைய அப்படிப் பாத்தது கிடையாது. கோவம் இல்ல. கோவம்னா எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

“இவியளுக்க சம்சாரம்தான் நான். இவிய வாஸ்து பாத்துத் திருத்துன வீட்டுலதான் இருக்கேன். எட்டு வருசமா எனக்கு இளைப்பு. ஆறு வருசமா உக்காந்துதான் உறங்குதேன். இங்க வந்து மூணு நாளா நீட்டி நிமுந்து படுத்து உறங்குனேன். இந்தா, இப்பம் கடல்ல இருந்து ஏறி வாறேன். என் மூச்சைப் பாரு.”

சொல்லிட்டு ஷைனி பக்கத்துல போனா.

“எனக்கு ஒரு தடவை முட்டுனா, இவிய ஒரு சன்னலை அடைப்பாவ. அடைச்சுட்டு, சரியாப் போவும்னு என் தலையைத் தடவிக் குடுப்பாவ. பிரியத்துலதான் அடைச்சாவ. அதான் எனக்கு இத்தனை வருசமா வாய் தொறக்க முடியல்ல.” ஷைனிக்க கையைப் பிடிச்சுக்கிட்டா. “நீ இந்த வீட்டை வாங்கு மக்களே. வாங்காட்டா போ. ஆனா மூச்சுக்குப் பயந்து போவாதே.”

ஷைனி என்னையப் பாத்தா. கிளாட்ஸ்டன் என்னையப் பாத்தாரு. டீச்சர் மட்டும் பாக்கல்ல. அவங்க வாளிக்குள்ள இருக்க சிப்பியைப் பாத்துக்கிட்டு இருந்தாவ. எனக்காகத்தான் பாக்கல்லன்னு பொறவுதான் விளங்கிச்சு.

கிளாட்ஸ்டன் பைய கேட்டாரு, “அண்ணாச்சி, நீங்க என்ன சொல்லுதீங்க?”

நான் என்ன சொல்ல? பரிகாரம் செஞ்சிருக்கேன், செம்புத் தகடு பதிச்சிருக்கேன், கடல் ஏத்துக்கிட்டுது, இப்பம் தோசம் நிவர்த்தின்னு சொன்னேன். நெசந்தானே? கிளாட்ஸ்டன் சிரிப்பை அடக்கிக்கிட்டாரு. ஷைனிக்கு அதுலதான் முழு நிம்மதி வந்துது. ஒரு மாசத்துல பத்திரம் முடிஞ்சுது. இப்பம் சொல்லுங்கோ, அந்த வீட்டை வித்துக் குடுத்தது யாரு?

ஆனா கோலம்மா என் கூட வரல்ல. பெட்டியை எடுத்து வையின்னு சொன்னேன். “நீங்க போங்கோ. டீச்சர் வீட்டைக் காலி பண்ணுத வரைக்கும் நான் கூட இருந்து சாமான் கெட்டிக் குடுக்கேன். நம்ம வீட்டுச் சன்னலைத் தொறந்தா ஆள் விடுங்கோ, வாறேன்”னு சொல்லிட்டா. சண்டை இல்ல. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து, எனக்கு ஜன்னலோர சீட்டுப் பிடிச்சுக் குடுத்து, பொடி டப்பா எந்தப் பையில இருக்குன்னும் சொல்லித்தான் அனுப்புனா.

ஒம்பது நாளு தனியா இருந்தேன். காலையில பத்து மணிக்கு ட்யூப் லைட்டைப் போட்டு இட்லி அவிப்பேன். முந்தியும் அந்த லைட்டு பகல்ல எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கும், நான் கவனிச்சதில்ல. அவ சாஞ்சு உறங்குத இடத்துல சுவருல எண்ணெய்க்கறை, ஒரு தலை அளவுக்கு. அதையும் கவனிச்சதில்ல. பத்தாம் நாளு சும்மா அவ ஜாதகத்தை எடுத்து வச்சுப் பாத்தேன். சுவாதி நட்சத்திரம். சுவாதிக்கு அதிதேவதை யாரு? வாயு பகவான்! காத்துக்குப் பொறந்தவளை வச்சுக்கிட்டுக் காத்தை அடைக்கலாமா? பொது விதி வேற, சுவாதிக்காரிக்கு விதி வேற. இத்தனை வருசமா இது எனக்குத் தோணாமப் போச்சே! உடனே கொத்தனைக் கூட்டிட்டு வந்தேன். அதே கொத்தன்தான். “என்ன அண்ணாச்சி, இப்பம் எதை அடைக்கணும்?”னு கேட்டான். ஏழையும் இடின்னேன். மொத செங்கலை நானே கடப்பாரை போட்டு எடுத்தேன். தூசி அடங்க நாலு நாளு, கழுவி விட ரெண்டு நாளு.

ஆள் விடல்ல. நானே போய்க் கூட்டிட்டு வந்தேன்.

வந்து, ஒவ்வொரு சன்னலாப் போய் நின்னு பாத்தா. தெக்குச் சன்னலுக்கு வந்தா. அந்தாண்ட ஒரு முழ அகல முடுக்கு, அதுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. அங்க ஒரு பொண்ணு தையல் மிஷின்ல குனிஞ்சு தச்சுக்கிட்டு இருந்துது. நிமுந்து பாத்துட்டுக் காலை மிதிக்கதை நிறுத்திட்டுது.

“நீங்க இந்த வீட்டுலயா இருக்கீங்க?”ன்னு கேட்டுது.

“ஆமா. முப்பத்தோரு வருசமா. நீ யாரு மக்களே?”

“ரமீஜா. நாங்க வந்து நாலு வருசமாச்சு. இங்க ஒரு மாமா மட்டும்தான் இருக்காங்கன்னு நெனச்சேன்.”

கோலம்மா சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. “நாலு வருசமா நானும் உன் மிஷின் சத்தத்தைக் கேட்டிருக்கேன். எலி ஓடுதுன்னு நெனச்சு இவிய ரெண்டு தடவை பொறி வச்சாவ”ன்னா. அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். அப்புறம் ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சாச்சு. மாப்பிள்ளை எங்க, பிள்ளை எத்தனை, ஜாக்கெட்டு தச்சா கழுத்து எறங்காம வருமா, எதுவும் பாக்கி இல்ல. நான் காப்பி கேட்டு ரெண்டு தடவை போய் நின்னேன். ரெண்டு தடவையும் திரும்பிப் பாக்காம, பொறுங்கோன்னு கையை மட்டும் காட்டுனா.

ஒண்ணரை மணி நேரம் பேசுனா. நடுவுல ஒரு தடவை கூட மூச்சு வாங்கல்ல. நானே அடுக்களையில போய் மூணு டம்ளர் காப்பி போட்டு, ஒண்ணைக் கம்பி வழியா அந்தப் பொண்ணுகிட்ட நீட்டுனேன்.